அடுத்த வீட்டு ஆதாரத்துக்குச் சந்தனப் பொட்டு

சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வராந்தாவில் கிடந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் எழுந்தால் அது ஜமீலாத்தா பக்கம் சாய்ந்தது, அவள் எழுந்தால் என் பக்கம். எதற்கு வம்பு என்று இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வராந்தா முழுக்க ஈரக் குடைகளின் வாடை. உள்ளே யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வருவதுமாக இருந்தது. ஜமீலாத்தா கைப்பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். உப்பிலிட்ட நெல்லிக்காய். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன், ஆனால் கடிக்கத் தோன்றவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத் தூணருகே அவள் மகன் ரஃபீக் போனைப் பார்த்தபடி நின்றான். இந்தப் பக்கத் தூணருகே என் மகள் வித்யா போனைப் பார்த்தபடி நின்றாள். ஒரே சந்தில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள். அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். இன்னும் சற்று நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிடுவார்கள். ஜமீலாத்தா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், நான் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, புருஷனைப் பறிகொடுத்த வீடு எனக்குச் சொந்தம். போடாவிட்டால், ஆயுசு முழுக்க அடுத்தவர் வீட்டில் இருந்தவள் நான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். அந்த வாய்தான் வரவில்லை.

எங்கள் சந்து

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று எங்களுடையது. ஒரு காரும் ஒரு மாடும் எதிரெதிரே வந்தால் மாடுதான் ஜெயிக்கும், அவ்வளவு அகலம். முனை வீடு எங்களுடையது. அதை ஒட்டி உள்ளே தள்ளி இருப்பது ஜமீலாத்தாவின் வீடு. நடுவில் ஒரு மதில். அவள் பக்கம் கிணறு.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் இங்கே வந்து, சுக்குத் தரகராகி, இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். கடைசிவரை ஊருக்கு அவர் அண்ணாச்சிதான். ஜமீலாத்தாவின் வாப்பா ஹம்சாக்கா, காயலில் வரும் வள்ளங்களில் மூட்டை ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் எடுத்தவர். இரண்டு பேருக்கும் எங்கே எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. ஒரு குஜராத்தி சேட் கடையை மூடிவிட்டு பம்பாய்க்குப் போகும்போது தன்னுடைய இரண்டு வீடுகளையும் விற்றார். ஒன்றை அப்பா வாங்கினார், மற்றதை ஹம்சாக்கா. ஒரே நாளில், ஒரே ஆபீஸில், ஒருவருக்கொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்ட சரித்திரம் இவ்வளவுதான்.

முனை வீட்டை ஒட்டி அந்தக் காலத்தில் ஒரு கிடங்கு இருந்தது. இன்று அது காப்பிக் கடை. வெள்ளைக்காரர்கள் வந்து அதன் உதிர்ந்த சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் சுவரும் அதே அளவுக்கு உதிர்ந்ததுதான் என்பதால் சில சமயம் எங்கள் வாசலிலும் நிற்பார்கள். அந்தக் கடை வந்தபிறகு முனை வீடுகளின் விலை ஏறியது. உள்வீடுகளுக்கு அந்த யோகம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் நீங்கள் பத்திரம் என்று சொல்வதை இங்கே நாங்கள் ஆதாரம் என்போம். எங்கள் வீட்டு ஆதாரம் இரும்புப் பெட்டியில், சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி இருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜையன்று வெளியே வரும். அம்மா அதைச் சுக்கு நிறுக்கும் தராசுக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் நடுவில் வைப்பாள். சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. மறுநாள் பழையபடி பெட்டிக்குள் போய்விடும்.

யாரும் பிரிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மடிப்பு கிழிந்துவிடுமாம். அப்பா போனபின் ஒரே வாரிசு என்று வீடு என் பேருக்கு மாறியபோதுகூட ஆபீஸில் வேண்டிய பக்கத்தை மட்டும் அவர்களே பார்த்து எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் அதை மறுபடி பட்டில் சுற்றினேன். பொட்டும் வைத்தேன். மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. படித்திருக்கலாம். ஆனால் பூஜையில் வைக்கிற பொருளை யார் படிக்கிறார்கள்?

படத்தைத் திருப்பிப் பிடித்த ஆள்

வித்யா பிசியோதெரபி படித்தவள். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் போட்டைப் பிடித்து, பஸ்ஸைப் பிடித்து, ஊரார் முழங்காலை நிமிர்த்திவிட்டுத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். முன்னறையைக் கிளினிக் ஆக்கினால் என்ன என்று அவள் கேட்டபோது எனக்கும் சரியென்று பட்டது. நான் இருக்கும்போதே வீட்டை அவள் பேருக்கு எழுதிவிடுவது, அவள் பேங்க் லோன் போட்டுக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

ஆதாரம் எழுதுகிற சுகுமாரனிடம் போனோம். அவர் வில்லேஜ் ஆபீஸிலிருந்து இடத்தின் வரைபடம் வேண்டும் என்றார். அதற்காகத்தான் அந்த ஆள் வந்தான். வில்லேஜ் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவன். நல்ல மரியாதையான பையன். சந்தின் நடுவில் நின்று படத்தை விரித்தான். எங்கள் வீட்டைப் பார்த்தான். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். மறுபடி பார்த்தான். பிறகு உள்ளே தள்ளியிருக்கும் வீடு யாருடையது என்று என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். என் ஆதாரத்தில் இருக்கும் சர்வே நம்பர் அந்த உள்வீட்டுடையது என்றும், நான் நிற்கும் இந்த முனை வீடு ஜமீலா என்பவர் பேரில் இருக்கிறது என்றும் மெதுவாகச் சொன்னான். பயப்படாதீர்கள், பழைய இடங்களில் இப்படி நிறைய உண்டு என்று ஆறுதலும் சொன்னான்.

எனக்கு வந்ததே கோபம். படத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதவனை எல்லாம் யார் வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்டேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்று, என் ஆதாரத்தில் நாலெல்லை எழுதியிருக்கும் பத்தியை விரலால் காட்டினான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அதைப் படித்தேன். கிழக்கே கிணறு என்று இருந்தது. எங்கள் வீட்டில் ஏது கிணறு?

அவனுக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தேன். திட்டியதற்குப் பிராயச்சித்தம். அவன் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷமும் நாங்கள் கட்டிய நிலவரி ஜமீலாத்தா வீட்டுக்கு. அவள் கட்டியது எங்கள் வீட்டுக்கு. பூஜையும் அப்படியே. அம்மா வைத்த சந்தனமெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வித்யாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வீடு எனக்குச் சொந்தமில்லை. அதைவிட மோசமான ஒரு நினைப்பு வந்தது. சந்து முனையில் இருக்கும் வீடு யாருக்கும் பிடிக்கும். அப்பா வாங்கியது உள்வீட்டை. அப்படியானால் முனை வீட்டில் எப்படி வந்து உட்கார்ந்தார்? ஹம்சாக்கா சாது மனுஷன். அப்பா பேச்சில் மன்னன், தரகர் வேறு. அவரை ஏதாவது பேசி மயக்கிவிட்டாரா? செத்துப்போன மனுஷனிடம் சண்டை போடவும் முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டுப் படுத்தேன்.

சுகுமாரனின் யோசனை

சுகுமாரனிடம் போய்ச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அதிரவில்லை. இதற்கு மருந்து உண்டு என்றார். பரிவர்த்தனை ஆதாரம். அந்த வீட்டுக்கு இந்த வீடு, இந்த வீட்டுக்கு அந்த வீடு என்று இருவரும் மாற்றி எழுதிக்கொண்டால் முடிந்தது. அதற்கு ஜமீலாத்தாவின் கையெழுத்து வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். சேச்சி அவரிடம் ரொம்ப விளக்க வேண்டாம், நம்பரில் ஒரு சின்னப் பிழை, திருத்தணும் என்று மட்டும் சொல்லுங்கள், வயசான ஸ்த்ரீ, அயல்வாசி, சொன்ன இடத்தில் ஒப்பு போட்டுவிடுவார் என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து. முனை வீட்டின் இன்றைய விலை அவர் மகனுக்குத் தெரிந்தால் அப்புறம் கேஸ், கோர்ட், வக்கீல் என்று போகும் என்றும் சொன்னார்.

சுகுமாரன் கெட்டவர் இல்லை. தன்னிடம் வந்த ஆளுக்கு நல்லது செய்வதுதான் அவர் தொழில். வித்யாவும் போட்டில் திரும்பி வரும்போது, ஒரு வாரம் யோசிக்கலாம் அம்மா என்றாள். அவள் கண்ணில் கிளினிக் தெரிந்தது. எனக்கு யோசிக்கத் தெரியாது. யோசித்தால் சுகுமாரன் சொன்னது நியாயமாகத் தோன்றிவிடும் என்று பயம். போட்டை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், செருப்போடு நேராக ஜமீலாத்தாவின் அடுக்களைக்குப் போனேன்.

அவள் அடுக்களை

அவள் கப்பைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூல் என்னுடையது. வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. நாங்கள் பேசுவது பாதித் தமிழ், பாதி மலையாளம். அவளுக்குத் தமிழ் வந்தது என் அம்மாவிடமிருந்து. எனக்கு மலையாளம் வந்தது அவள் உம்மாவிடமிருந்து. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தெல்லாம் சுற்றியிருக்கிறாள்.

வில்லேஜ் ஆபீஸ் ஆள் வந்ததையும் நம்பர் மாறியிருப்பதையும் சொல்லத் தொடங்கினேன். உன் வீடு என் ஆதாரத்தில் இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் கோமதி. நாங்க இருக்குறது உங்க வீட்டிலயாக்கும். உம்மா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

பிறகு அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சேட்டிடம் வாங்கியபோது முனை வீடுதான் ஹம்சாக்காவுடையது. சாமான்களோடு வந்து இறங்கிய அன்றே அவள் உம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. பக்கத்துக் கிடங்கில் வற்றல் மிளகாய். மூட்டையைப் புரட்டும்போதெல்லாம் சுவர் இடுக்கு வழியாக நெடி வரும். உம்மாவுக்கு முன்பே இழுப்பு உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் உதடு நீலம் பூத்துப்போனதாம். ஹம்சாக்கா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்பா தன் வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்து முனை வீட்டில் இறக்கினார். நீங்கள் உள்ளே போங்கள், காகிதத்தை அப்புறம் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறம் வரவேயில்லை. முதலில் பணத் தட்டுப்பாடு, பிறகு வியாபாரம், பிறகு மறதி, பிறகு ஹம்சாக்காவின் மரணம். சாவதற்கு முன் அவர் மகளுக்கு எழுதிக்கொடுத்த ஆதாரத்தில்கூடப் பழைய நம்பரையே பார்த்து எழுதி வைத்திருந்தார்கள்.

உம்மாவுக்கு நம்பரெல்லாம் தெரியாது. காகிதத்தில் என்ன இருந்தாலும் இது அண்ணாச்சி தந்த வீடு, மறக்காதே என்று மட்டும் மகளிடம் சொல்லியிருக்கிறாள். முனை வீடு எப்போதோ அப்பா பேருக்கு மாறிவிட்டது, இது மட்டும்தான் மாறாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஜமீலாத்தா தன் ஆதாரத்தை ஒருவரிடமும் காட்டியதில்லை. காட்டினால் ஏதாவது வெளியே வந்துவிடுமோ என்று பயம். ரஃபீக் கல்ஃபிலிருந்து பணம் அனுப்பி மாடி எடுக்கச் சொன்னபோதும் வேண்டாம் என்றாள். சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பாள். கஞ்சப் பிசினாறி என்று நான் அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். என் வீட்டுச் சுவரைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள், பாவி.

அப்பா மேல் எனக்கிருந்த சந்தேகமெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கரைந்தது. மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே மனுஷா என்றும் திட்டினேன்.

ஜமீலாத்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அண்ணாச்சி போனபிறகு, எப்போது கோமதி வந்து கேட்பாளோ என்று நினைக்காத நாள் இல்லை என்றாள். இப்போது நீயே மாற்றி எழுதித் தர வந்திருக்கிறாய், நான் எங்கே ஒப்பு போடவேண்டும் சொல்லு என்றாள்.

உள்ளுக்குள் ஒருத்தி, இத்தோடு நிறுத்து கோமதி என்றாள். ஜமீலாத்தாவுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதி போதும். கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்கு வீடு கிடைத்தது என்று சந்தோஷமாக இருப்பாள். சுகுமாரன் சொன்னதைவிடச் சுலபமாக வேலை முடியும். ஆனால் அவள் கை என் கைமேல் இருந்தது. எனக்குச் சேராத நன்றியைக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"ஜமீலாத்தா, மறு பாதியையும் கேளு. நீ என் வீட்டில இருக்கேன்னா, நான் உன் வீட்டில இருக்கேன். முனை வீடு உன்னுடையது. இன்னைக்கு அதுக்குத்தான் விலை. கையெழுத்துப் போட்டா உனக்குத்தான் நஷ்டம்."

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கப்பையை வடித்துவிட்டு, ரஃபீக்கைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

என் வீட்டில் நான் விருந்தாளி

ரஃபீக் ஷார்ஜாவிலிருந்து பேசினான். தான் வரும்வரை எதிலும் ஒப்பு போடக் கூடாது என்று உம்மாவிடம் சொன்னான். அவன் சொன்னது நியாயம். வித்யா வெளியூரில் இருந்தால் அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முதல் முதலாகச் சைக்கிள் ஓட்டி விழுந்தது எங்கள் வாசலில். மஞ்சள் பத்துப் போட்டவள் நான். அந்தக் காலுக்கு இப்போது எங்கள் வாசல் விலை தெரியவேண்டியிருக்கிறது என்று பொருமினேன்.

வித்யா என்னைக் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் அதுவே பெரிதாக இருந்தது. ஒரு தடவை மட்டும், அம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா ஏன் மறைச்சேன்னு ஒருநாள் நானே உன்கிட்ட கேட்டிருப்பேன், சொன்னது நல்லதுக்குத்தான் என்றாள். கிளினிக் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் வீட்டை நான் வேறு மாதிரி பார்த்தேன். குளியலறைக் குழாயை மாற்றலாம் என்று இருந்தேன், மாற்றவில்லை. சுவரில் பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசலாம் என்று இருந்தேன், பூசவில்லை. காலண்டர் மாட்ட ஆணியை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். ஜமீலாத்தா இத்தனை வருஷம் எப்படி இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரஃபீக் வந்தான். முன்னறையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். நான் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தேன். அந்தக் காப்பிக் கடைக்காரன் இந்த வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறானாம். அதை அவன் மறைக்காமல் சொன்னான். உம்மா என்ன முடிவு செய்தாலும் தான் மறுக்கப்போவதில்லை, ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று உம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றான். பழம்பொரியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றான்.

விலையை அவன் உம்மாவிடம் விவரமாகச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுகுமாரனைப் பரிவர்த்தனை ஆதாரத்தை எழுதி வைக்கச் சொல், மற்றதை ஆபீஸில் வந்து சொல்கிறேன் என்றாளாம். கையெழுத்தையும் அங்கேதான் போடுவேன் என்றாளாம். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மதிலுக்கு மேலாக எப்போதும் போல மீன்குழம்பைக் கொடுத்தாள், நான் எப்போதும் போல ரசத்தைக் கொடுத்தேன்.

உள்ளே

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நெல்லிக்காயைக் கடித்து விழுங்கிவிட்டு எழுந்தேன். பெஞ்சு யார் பக்கம் சாய்ந்தது என்று பார்க்கவில்லை.

சப் ரிஜிஸ்ட்ரார் ஒரு இளம் பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். சுகுமாரன் காகிதங்களை அடுக்கி மேஜைமேல் வைத்தார். அவள் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். இரண்டு வீடுகளின் மதிப்பும் எழுதியிருக்கும் இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு ஜமீலாத்தாவைப் பார்த்தாள்.

அவள் கேட்டது முறையான கேள்வி. உங்களை யாரும் நிர்ப்பந்திக்கவில்லையே என்றாள். இல்லை என்றாள் ஜமீலாத்தா. நீங்கள் கொடுப்பது விலை கூடிய வீடு, வாங்குவது விலை குறைந்தது, வித்தியாசத்துக்கு ஒன்றும் பெற்றுக்கொள்வதாக இதில் எழுதவில்லை, அது தெரிந்துதான் செய்கிறீர்களா என்றாள். சுகுமாரன் தன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ரஃபீக் உம்மாவுக்குப் பின்னால் நின்றான். நான் மேஜைமேல் இருந்த மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜமீலாத்தா தலையை மூடியிருந்த தட்டத் துணியைச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் பேசினாள்.

"விலையெல்லாம் மோன் சொல்லித் தந்தான், மேடம். எனக்குப் புரிஞ்சது. அந்த மிளகாய்க் கிடங்குப் பக்கத்தில என் உம்மா இருந்திருக்கணும். பதிலுக்கு இவளோட அம்மா இருந்தாங்க. சின்னதில நான் கிணத்தடியில நின்னா, மதிலுக்கு அப்புறம் அவங்க இருமுறது கேட்கும். எல்லா நாளும் கேட்டிருக்கேன். என் உம்மா பேரப்பிள்ளை முகம் பார்த்துட்டுத்தான் போச்சு. அந்த வீட்டுக்கு என்ன விலை கூடுதல் உண்டோ, அதை அவங்க இருமித் தீர்த்தாச்சு."

அம்மா இருமுவாள். ஆமாம். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சமைப்பாள். கிடங்கில் மூட்டை புரளும் நாட்களில் பேச்சுக்கு நடுவே நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அம்மா என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்து வளர்ந்தேன். ஏன் இந்த இருமல் என்று அவளும் சொல்லவில்லை. அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு முனை வீட்டுக்கு வந்த அன்று அவளும்தானே கூட வந்தாள். அவள் சம்மதிக்காமலா அப்பா வந்திருப்பார்? அத்தனை வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சின்னப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அதை மறக்காமல் இந்த மேஜைவரை கொண்டுவந்திருக்கிறாள்.

அந்த இளம் பெண் காகிதத்தை ஜமீலாத்தா பக்கம் நகர்த்தினாள். ஜமீலாத்தா மலையாளத்தில், ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். பிறகு காகிதம் என் பக்கம் வந்தது.

பேனாவை எடுத்தேன். எல்லாம் கலங்கலாக இருந்தது, எங்கே போடவேண்டும் என்று தெரியவில்லை. வித்யா அம்மா என்று கூப்பிட்டபடி முன்னால் வந்தாள். அவளுக்கு முன்பே ரஃபீக் வந்து குனிந்து, என் கையைப் பிடித்து, பேனா முனையை அந்தக் கோட்டின்மேல் வைத்தான்.

"இங்கே, மாமி" என்றான்.